ஒரு முழம் கூடுதலான முகடு

அசையாதீங்க மேடம் என்கிறார் ஓவர்சீயர், நான் அசையவில்லை, அசைவது அவருடைய செல்போன்தான், அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நாலு அடி, வேப்பமரத்துப் பக்கம் நாலு அடி என்று நடந்து பார்க்கிறார், துல்லியம் இருபத்தெட்டு மீட்டர் காட்டுகிறதாம், பத்துக்குக் கீழே இறங்கினால்தான் படம் ஏறுமாம். வானத்தில் எங்கோ சுற்றுகிற ஒரு பெட்டிக்கு எங்கள் வீடு இருக்கிற இடம் இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாதுதான். என் கையில் ஒரு சிலேட்டு, அதில் சாக்பீஸால் என் பெயர், உ. இளவேனில், கீழே ஊர், அதற்கும் கீழே பயனாளி எண். சிலேட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை இதற்கு முன் போலீஸ்காரர்கள் எடுத்த படங்களில்தான் பார்த்திருக்கிறேன். நான் செய்த குற்றம் ஓலை வீட்டில் பிறந்தது. தொகுப்பு வீடு வேண்டுமென்றால் பழைய வீட்டின் முன்னால் இப்படி நின்று ஒரு படம், பிறகு அதை இடிக்கச் சம்மதித்து ஒரு கையெழுத்து, இரண்டும் இன்றைக்கு மூன்று மணிக்குள் ஏறிவிட வேண்டும், ஏறாவிட்டால் இந்த வருடத்துப் பட்டியல் மூடிவிடும், அம்மா இன்னொரு ஐப்பசியை இதே கூரைக்குக் கீழே கழிக்க வேண்டும். அப்பா போனபிறகு அம்மா பட்டாவை என் பெயருக்கு மாற்றிவிட்டாள், படித்த பெண் பெயரில் இருந்தால் எவனும் வாய் திறக்க மாட்டான் என்று. அதனால் கையெழுத்து என்னுடையது. படத்துக்கு நிற்கிறேன், கையெழுத்து இன்னும் போடவில்லை. வேப்பமரத்தடி நாற்காலியில் படிவம் கிடக்கிறது, மேலே ஒரு கல். அதில் ஏழாவது வரி, மேற்படி வாழத் தகுதியற்ற குடிசையை அகற்ற முழு மனதுடன் சம்மதிக்கிறேன். முழு மனதுடன். மனது எத்தனை மீட்டர் துல்லியத்தில் இருந்தால் முழு மனது என்று ஏற்றுக்கொள்வார்கள்? வாழத் தகுதியற்றது என்று யார் முடிவு செய்தது, வாழ்ந்தவர்களிடம் கேட்டார்களா, இருபத்திரண்டு வருடம் நான் அதற்குள் செய்தது என்ன, வாழாமல் இருந்ததா? காலையில் இதைத்தான் கேட்டேன், அது சிஸ்டத்துல ஒரு டிக்குதான் மேடம் என்றார், அதற்கெல்லாம் பெரிதாக அர்த்தம் கிடையாது என்றார். அர்த்தம் கிடையாதென்றால் எடுத்துவிடுங்களேன் என்றேன். எடுக்க முடியாதாம். அர்த்தமில்லாத சொற்களைத்தான் ஒருபோதும் எடுக்க முடிவதில்லை.

வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது, மாசி வெயில், வியர்வை புருவத்தில் நின்று யோசிக்கிறது, துடைத்தால் அசைந்ததாகிவிடும். குடிசை. அந்தச் சொல்லை எங்கள் பேராசிரியரும் அப்படித்தான் சொல்வார், உதட்டு நுனியால், சூடான பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. மாவட்டத்து வீடுகளின் வரலாறு என்று ஒரு பருவம் முழுக்கப் பாடம், அதில் பண்ணையார் வீடுகளுக்கு மூன்று வாரம், தேக்குத் தூண்கள், இரண்டு கட்டு, மூன்று கட்டு, கதவு செதுக்கியவர் எந்த ஊர்க்காரர் என்பது வரைக்கும், கடைசி நாள் மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரே ஒரு படம், தலைப்பு சாதாரணக் குடியிருப்புகள், மண், ஓலை, மூங்கில், வடிவமைப்பு என்று சொல்ல ஏதுமில்லை, அடுத்தது. நான் எழுந்துவிட்டேன். எழுவதற்கு முன் யோசித்திருக்கலாம் என்று தோழிகள் சொல்வார்கள், யோசிக்கிறவர்கள் யாரும் எழுவதில்லையே. சார், அந்தப் படத்தில் கூரை எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேன். சுவர் மேல் என்றார். இல்லை சார், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது பாருங்கள் என்றேன், வகுப்பே திரும்பிப் பார்த்தது. கூரையைச் சுமப்பது எட்டுக் கவைக்கால். கவட்டை போலப் பிளந்த மரத்தைத் தேடி வெட்டி, மண்ணில் மூன்று முழம் இறக்கி, அந்தக் கவட்டைக்குள் விட்டத்தை உட்கார வைத்து, அதிலிருந்து முகடு வரைக்கும் கை மரங்களைச் சாய்ப்பார்கள், ஆணி கிடையாது, கயிறுகூட ஒரு சுற்றுத்தான். சுவர் அதுபாட்டுக்குத் தனியாக எழுந்து நிற்கும், மண்ணைக் குழைத்து ஒரு படை வைத்து, காய்ந்தபிறகு அதன் மேல் இன்னொரு படை, ஐந்தாவது படையோடு நிறுத்திவிடுவார்கள், கூரையைத் தொடவிடாமல். வெள்ளம் வந்தால் சுவர் கரைந்து போகும், கூரை நிற்கும், தண்ணீர் வடிந்ததும் அதே மண்ணை அள்ளிக் குழைத்து மறுபடி சுவர். அந்த ஒரு சாண் வழியாகத்தான் அடுப்புப் புகை வெளியேறும், காற்று உள்ளே வரும், வெயில் மட்டும் வராது, தாழ்வாரம் இடுப்புயரத்துக்கு இறங்கிக் கிடக்கும். இது வடிவமைப்பு இல்லை என்றால் எது சார் வடிவமைப்பு என்று கேட்டேன். பேராசிரியர் சிரித்தார், கோபப்பட்டிருந்தால் மன்னித்திருப்பேன். நல்ல ஆர்வம், கட்டுரையாக எழுதி வாருங்கள், ஆதாரத்தோடு என்றார். எழுதினேன், நாற்பது பக்கம். ஆதாரம் எங்கே என்றார். எங்கள் வீடு நிற்கிறது சார், எழுபது வருடத்துக் கூரை, வந்து பாருங்கள் என்றேன். பங்குனி முதல் வாரம் துறையே கிளம்பி வருவதாகப் பேச்சு. பங்குனிக்கு இன்னும் பதினெட்டு நாள். மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

இருபத்து நாலு மீட்டர் என்கிறார், குரலில் ஒரு சின்ன சந்தோஷம். எழுபது வருடம். முனியன் என்பது என் கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவர் பெயருக்கு முன்னால் பின்னால் எதுவும் கிடையாது, எந்தக் காகிதத்திலும் கிடையாது, என் கட்டுரையில்தான் முதல்முதலாக அச்சில் ஏறினார். எங்கள் தெருவில் யார் வீட்டு முகடும் பண்ணையின் வைக்கோல் போரைவிட உயரக் கூடாது என்பது அப்போது ஏற்பாடு, எழுதி வைத்த சட்டமில்லை, பண்ணையை மேற்பார்க்கும் காரியக்காரர் கண்ணால் அளந்து சொல்வதுதான். உள்ளே போனால் ஆம்பிளை பொம்பிளை எல்லாரும் குனிந்துதான் நிற்க வேண்டும். மழைக்காலத்தில் கொள்ளுப்பாட்டிக்கு வீட்டுக்குள் நெல் குத்த முடியவில்லை, உலக்கையைத் தூக்கினால் முகட்டில் இடிக்கும், குந்திக்கொண்டு யாரும் நெல் குத்த முடியாது. முனியன் அடுத்த கோடையில் கூரையைப் பிரித்தபோது முகட்டை ஒரு முழம் தூக்கிக் கட்டிவிட்டார். ஒரு முழம்தான். காரியக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாராம், இறக்கு, இல்லாவிட்டால் மனையைக் காலி செய் என்றாராம். இறக்கவில்லை. அப்பா இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போவார். அன்றைக்கு மத்தியானம் தெருவில் இருந்த முப்பத்திரண்டு ஆம்பிளைகளும் கவைக்கால்களுக்கு இடையில் புகுந்து, தோள் கொடுத்து, கூரையை அப்படியே எழுப்பி, ஓலைகூடப் பிரிக்காமல், வாய்க்காலில் இறங்கிக் கடந்து, அக்கரைச் சுடுகாட்டுப் புறம்போக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னாலேயே பெண்கள் அடுப்பையும் உலக்கையையும் எடுத்துக்கொண்டு. காலி செய்யச் சொன்னீர்கள், செய்துவிட்டோம், வீட்டோடு. பேராசிரியரே, உங்கள் தேக்குத் தூண் வீடு எது இப்படி எழுந்து நடந்திருக்கிறது? விரட்டப்படுவோம் என்று தெரிந்தவர்கள் கட்டிய வீடு இது, சுவரோடு கூரையைச் சேர்க்காததற்கு வெள்ளம் மட்டுமா காரணம்? பிறகு இருபது வருடம் கழித்துச் சட்டம் வந்தது, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று, கணக்கெடுக்கத் தாலுகாவிலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்ததும் என் தாத்தா காத்தமுத்து செய்தது ஒன்றே ஒன்றுதான், விடிவதற்குள் அந்தக் கூரையை மறுபடி தெருவார் தோளில் ஏற்றி வாய்க்காலைத் தாண்டி இதே மனையில், இதே குழிகளில் கவைக்கால்களை இறக்கி, உள்ளே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டார். தாலுகாக்காரர் வந்தபோது கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. குடியிருக்கிறீர்களா என்று கேட்டார், கஞ்சி குடிக்கிறீர்களா என்று காத்தமுத்து கேட்டார். அது ஏமாற்று என்று என் வகுப்பிலேயே ஒருத்தி சொன்னாள். வாதாடலாம், வா. திருடு போன பொருளை அதன் இடத்தில் திருப்பி வைப்பது ஏமாற்றா? முதலில் விரட்டியதை எந்தக் காகிதத்தில் எழுதினார்கள், நாங்கள் திரும்பி வந்ததை மட்டும் எழுத்தில் தேடுகிறாய்? அவள் நோட்டைத் திறந்து குனிந்துகொண்டாள். நான் நான்கு நாள் அதே மிதப்பில் இருந்தேன்.

அந்தக் கூரையைத்தான் வாழத் தகுதியற்றது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கழுத்தில் எறும்பு ஊர்கிறது, எறும்பா வியர்வையா, சிலேட்டின் மரச்சட்டம் விரலில் அழுத்துகிறது. அம்மா பின்னால் என்னவோ செய்துகொண்டிருக்கிறாள், இரும்பு எதிலோ உரசுகிற சத்தம், அரிவாள் தீட்டுகிறாளா, எதற்கு. காலையில் அவளிடமும் வாதாடினேன். பங்குனி வரைக்கும் பொறு, துறையிலிருந்து வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும், அடுத்த வருடப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், இந்த வீடு ஒரு சாட்சியம்மா என்றேன். அம்மா கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பை நிறுத்தாமலே கேட்டாள், ஒங்க ஹாஸ்டல்ல கூர ஓலையா, தளமா? தளம் என்றேன். மழ வந்தா சாட்சிக்குள்ளாற வந்து படுத்துக்குவாவோளா ஒங்க வாத்தியாரு என்றாள். நான் பதில் வைத்திருந்தேன், நான் எப்போதும் பதில் வைத்திருப்பேன், ஆனால் அவள் அடுப்பிலிருந்து எழும்போது இடுப்பில் கை வைத்து, இரண்டு தவணையாக எழுந்தாள், முதலில் பாதி, ஒரு மூச்சு, பிறகு மீதி. அதைப் பார்த்ததும் களிச் சட்டியை நானே இறக்கி வைத்தேன். போன ஐப்பசியில் மூன்று நாள் உட்கார்ந்தே தூங்கினாளாம், மேற்குப் பக்கம் முழுக்க ஒழுக்கு, பாத்திரமெல்லாம் தரையில். அதை அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை சொன்னாள். அம்மா எதையும் சொல்வதில்லை. நாற்பது பக்கக் கட்டுரையில் ஒழுக்கு பற்றி ஒரு வரி இல்லை என்பது இப்போதுதான் தோன்றுகிறது, வெயிலில் நிற்பதால் தோன்றுகிறது, நிழலில் இருந்திருந்தால் தோன்றியிருக்காது. ஒழுகுவது வரலாறு இல்லையா? சரி, அது ஒரு வரி, சேர்த்துவிடலாம். ஆனால் கையெழுத்து? போட்டால் பங்குனியில் வந்து நிற்கிறவர்களுக்கு ஒரு அஸ்திவாரக் குழியைத்தான் காட்ட வேண்டும், பேராசிரியர் அதே சிரிப்பைச் சிரிப்பார், ஆதாரம் இல்லையே இளவேனில். முனியன் மறுபடி காகிதத்தில் இல்லாதவர் ஆகிவிடுவார். போடாவிட்டால் அம்மா இரண்டு தவணையாக எழுவாள், இன்னும் ஒரு வருடம், மூன்று தவணையாக. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வாதம் இருக்கிறது, எதையாவது சொல்லி இரண்டையும் ஜெயிக்க முடியாதா?

பதினாலு மீட்டர், கையெழுத்தப் போட்டு வச்சிடுங்களேன் மேடம், நேரம் போவுது என்கிறார் ஓவர்சீயர். அவ்வளவுதான், நான் சிலேட்டை இறக்கிவிட்டேன். சார், எழுபது வருடம் நின்ற கூரை இது, ஐந்து புயல் பார்த்தது, கஜாவில் மாவட்டத்தில் பாதித் தென்னை விழுந்தபோதும் இது விழவில்லை, பனை விட்டம், வைரம் பாய்ந்தது, உள்ளே வந்து தட்டிப் பாருங்கள், முகட்டின் உயரத்தை டேப் வைத்து அளந்து கட்டுரையில் எழுதியிருக்கிறேன், தரையிலிருந்து எட்டடி இரண்டங்குலம், அது முனியன் வைத்த உயரம், இதைத் தகுதியற்றது என்று எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். பாவம், அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஒப்பந்த வேலை, செல்போனைக் கீழே இறக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் பின்னால் அம்மா சிரிக்கிற சத்தம். அரிவாளும் கையுமாக வீட்டு மூலையில் நிற்கிறாள், தலையில் துண்டைச் சுற்றியிருக்கிறாள், ஏணி சாய்த்து வைத்திருக்கிறது.

“எந்தக் கூரடி எழுவது வருசம்?”

இந்தக் கூரைதான் என்றேன், என் குரல் எனக்கே கொஞ்சம் மெலிந்து கேட்டது. அம்மா ஓவர்சீயரைப் பார்த்துத்தான் பேசினாள், என்னிடம் நேராகச் சொல்ல வெட்கப்பட்டது போல. நீங்க கேளுங்க தம்பி, இவ கஜா அன்னிக்கி கும்மாணத்துல ஹாஸ்டல்ல இருந்தா, பன்னண்டாவது, விடியகாலம் நாலு மணிக்கி கூர போயிட்டு, எங்கன போச்சின்னே தெரியல, ஒரு கை மரங்கூட மிஞ்சல, விட்டம் மாத்திரம் ரெண்டா ஒடிஞ்சி வாய்க்கால்ல கெடந்திச்சி. நாலாம் நாளு ஃபோன் கெடச்சப்ப வீடு நிக்கிதாம்மான்னு கேட்டா. நிக்கிது, நீ பரிச்சையப் பாருன்னேன். பெறவு சொல்லிக்கலாம்னு இருந்தேன், பொங்கலுக்கு வந்தா, உள்ளார போனா, சாப்புட்டா, தூங்குனா, ஒண்ணுங் கேக்கல. கேட்டாத்தான தம்பி சொல்லுறது.

நான் உள்ளே போனேனா, நின்ற இடத்திலேயே நின்றேனா, இப்போது யோசித்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, குனிந்து நுழைந்து விட்டத்தின் மேல் நகத்தால் சுரண்டினேன், ஐந்து வருடப் புகை, கரி உதிர்ந்தது, அடியில் பனையின் கறுத்த நரம்பு இல்லை, செம்பழுப்பாகப் புள்ளி புள்ளியாகத் தென்னை. விழுந்த தென்னை. பக்கம் பதினொன்று, மூன்றாவது பத்தி, பனை விட்டம் தலைமுறைகளின் தோள் பட்டு மெருகேறியிருக்கிறது என்று எழுதியவள் நான், தொட்டுக்கூடப் பார்க்காமல். தூக்குவது என்றால் ஆம்பிளைகள் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறேன், முப்பத்திரண்டு பேர், தோள், மார்பு, வாய்க்கால். புயலடித்த அந்த மாதம் தெருவில் ஆம்பிளைகள் பாதிப் பேர் திருப்பூரில், மீதிப் பேர் நிவாரண வரிசையில். யார் தூக்கியது என்று கேட்டேன். நானும் அஞ்சலையும் அவ நாத்தனாளும் என்றாள் வெளியிலிருந்து, சாதாரணமாக, தண்ணீர் யார் எடுத்து வந்தது என்று கேட்டதற்குச் சொல்வது போல. தூக்குறதெல்லாம் இல்ல, கவைக்காலு நட்டு அதும் மேலயே ஒண்ணொண்ணா வச்சிக் கட்டுனம், மார்கழி பாதியில முடிஞ்சிச்சி. உயரம், அம்மா, முகட்டின் உயரம், எட்டடி இரண்டங்குலம், அதை யார் சொன்னார்கள், பழைய அளவு எப்படித் தெரிந்தது? பழைய அளவு எவனுக்குத் தெரியும் என்றாள். கூடைய கவுத்துப் போட்டு அதும் மேல ஏறி நின்னு கைய தூக்குனேன், வெரலு எங்க முட்டுச்சோ அங்க கட்டுனேன். மறுவாட்டி பிரிக்கிறப்ப எனக்கு எட்டணும்ல.

ஓ. நான் டேப் பிடித்து அளந்தது முனியனை இல்லை. அம்மாவின் கையை. நாற்பது பக்கமும் ஒரு நொடி ஆடிவிட்டு, விழும் என்று நினைத்தேன், விழவில்லை, வேறு குழியில் போய் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆதாரம் கேட்டாரே, ஆதாரம் வாய்க்காலில் மிதந்து போய் ஐந்து வருடம் ஆகிறது. ஆனால் முப்பத்திரண்டு பேர் செய்ததை மூன்று பெண்கள் புயலுக்குப் பின்னால் விழுந்த மரத்தில் ஒரு மாதத்தில் செய்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி என் அம்மா தையல்நாயகி, அவள் மகள் அதற்குக் கீழே படுத்துக்கொண்டு வரலாறு எழுதியிருக்கிறாள். தப்பு என்னுடையது, சந்தேகமேயில்லை, அதில் வாதாட ஒன்றுமில்லை, வாதாட ஒன்றுமில்லாத இடத்தில் நான் இதற்கு முன் நின்றதில்லை, காது சுடுகிறது. ஆனால் அதே நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்கிறது, வெட்கமா அது, இல்லை, வெட்கம் இப்படி நிமிராது. பேராசிரியர் பங்குனியில் வரட்டும். பக்கம் பதினொன்றை அவர் முன்னாலேயே கிழிக்கிறேன், எனக்குத் தெரியாமல் எழுதினேன் சார், இப்போது தெரிந்து எழுதுகிறேன், கட்டியவர் உயிரோடு இருக்கிறார், அதோ கலவை சரியில்லை என்று கொத்தனாரை விரட்டிக்கொண்டு நிற்கிறார், போய்க் கேளுங்கள், உங்கள் மூன்று கட்டு வீட்டைக் கட்டியவரிடம் இதுவரை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா. அவர் சிரிப்பார். சிரிக்கட்டும். வேப்பமரத்தடிக்குப் போனேன், கல்லை எடுத்துக் கீழே போட்டேன். தகுதியற்ற. அந்தச் சொல் அப்படியே இருந்தது, என் கண்ணுக்கு அது இன்னும் பொய்தான், ஒழுகுகிறது, சாய்கிறது, இடுப்பை ஒடிக்கிறது, அதெல்லாம் உண்மை, ஆனாலும் தகுதி என்பது பொய். கட்டியவளே பிரிக்க ஏணி சாய்த்து வைத்திருக்கிறாள். அதற்கு மேல் எனக்கு என்ன உரிமை, பட்டாவில் பெயர் இருப்பதாலா? கையெழுத்துப் போட்டேன், முழுப் பெயரும், இழுத்து, பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி.

எட்டு மீட்டர், எட்டு மீட்டர், ஓடியாங்க என்று ஓவர்சீயர் கூப்பிட்டார். ஓடிப்போய்ச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவர் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்தவர் அப்படியே நிமிர்ந்து என் தலைக்கு மேலே பார்த்தார். கீற்று சரசரவென்று இழுபடுகிற சத்தம், தூசி என் தோளில் உதிர்ந்தது, கரியும் எலிப்புழுக்கையும் பழைய மழையும் கலந்த ஒரு வாசனை. புல்டோசர் வந்தா கீத்தெல்லாம் கூளமாயிடும், புதுசு முடியிறவரைக்கும் படுக்கக் கொட்டாய் போட இது வேணும், நான் என் கையாலயே பிரிச்சிக்குறேன் என்று மேலேயிருந்து குரல் வந்தது. முகட்டு மேல் ஒரு காலும் கை மரத்தில் ஒரு காலுமாக அம்மா நிற்கிறாள் என்று திரும்பாமலே தெரிந்தது, இடுப்பில் கை வைக்காமல் நிற்கிறாள் என்பதும்.

“அம்மா, எறங்குங்கம்மா. பயனாளி மட்டுந்தான் படத்துல இருக்கணும், நீங்களும் அதுல விழுறீங்க.”

“விழட்டும் சார்,” என்றேன், “எடுங்க.”